மேல்வீட்டு ஃபைட்டர் மீனுக்கு என்ன வயது?

ஃபைட்டர் மீன் விற்கிற கடையில் வயது கேட்டால் ஆறு மாதம் என்பார்கள். போன வருடம் கேட்டாலும் ஆறு மாதம்தான். விற்காமல் அதே பாட்டிலில் கிடக்கும் மீனை இந்த வருடம் காட்டிக் கேட்டாலும் ஆறு மாதம்தான். கடைக்காரரைச் சொல்லியும் குற்றமில்லை. மொத்த வியாபாரி அவரிடம் சொன்னதை அவர் நம்மிடம் சொல்கிறார்.

புதிதாக வாங்குகிறவருக்கு இது பெரிய விஷயமில்லை. எங்கள் வீட்டுக்கு வந்த மீனோ யாரோ வளர்த்து விட்டுப்போன மீன். யாங்கோனில், தாம்வேயில் நாங்கள் குடியிருக்கும் கட்டடத்தில் மேல்வீட்டுக்காரர்கள் டிசம்பர் கடைசியில் வீட்டைக் காலி செய்துகொண்டு எல்லை தாண்டி தாய்லாந்தில் இருக்கும் மே சோட் பக்கம் போனார்கள். போகிற அவசரத்தில் ஒரு கண்ணாடி ஜாடியை என் மனைவி கையில் கொடுத்து, "அக்கா, இதை மட்டும் பாத்துக்குங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்கள். உள்ளே ஓர் ஆண் ஃபைட்டர். கருநீல உடம்பு, சிவப்புத் துடுப்பு, தொங்கும் வால். ஜாடியின் அடியில் ஒருக்களித்துக் கிடந்தது. முதுகு லேசாகக் கூனியிருந்தது. நிறத்தின் மேல் தூசு படிந்த மாதிரி ஒரு மங்கல். வால் ஓரம் சுருண்டிருந்தது.

மனைவி பார்த்ததும் சொன்னது: "வயசாயிடுச்சுங்க, பாவம்." மச்சான் வந்து பார்த்துவிட்டு, "சீக்கு பிடிச்சிருக்கு, மருந்து ஊத்துங்க மாமா" என்றான். இரண்டு பேச்சுக்கும் வைத்தியம் வேறு வேறு. வயதான மீன் என்றால் மருந்து ஊற்றி வதைக்கக் கூடாது. வாலிப மீன் இப்படிக் கிடந்தால் சும்மா பார்த்துக்கொண்டு இருக்கவும் கூடாது. ஆக, வயது தெரிந்தாக வேண்டும். அதற்காகச் செய்ததைத்தான் கீழே எழுதியிருக்கிறேன். துல்லியமான பிறந்த தேதி கிடைக்கும் என்று யாரும் எதிர்பார்க்க வேண்டாம். உடம்பைப் பார்த்துச் சொல்ல முடிவது இளசா, நடுவயதா, முதுமையா என்பது வரைக்கும்தான். எத்தனை மாதம் என்ற கணக்கு வேறு இடத்திலிருந்து வந்தது.

முதல் வேலை தெர்மாமீட்டரைப் போட்டுப் பார்த்தது. டிசம்பர், ஜனவரி இரவுகளில் யாங்கோனில் 18 டிகிரி வரைக்கும் இறங்கும். சமையலறை ஜன்னலோரம் இருந்த ஜாடித் தண்ணீர் காலையில் 20 டிகிரி காட்டியது. ஃபைட்டருக்கு வேண்டியது 25 முதல் 28 வரை. மீனுக்கு உடம்புச் சூடு என்று தனியாகக் கிடையாது. தண்ணீரின் சூடுதான் அதன் சூடு. 20 டிகிரியில் ஆறு மாதக் குட்டியும் கிழம் மாதிரிதான் படுத்துக் கிடக்கும். நிறம் மங்கும், பசி போகும், துடுப்பை ஒட்டி வைத்துக்கொள்ளும். குளிர்ந்த மீனைப் பார்த்து வயது சொல்வதில் அர்த்தமே இல்லை.

எங்கள் பகுதியில் கரண்ட் வருவதும் போவதுமாக இருக்கும். ஹீட்டரை மட்டும் நம்பினால் இரவில் தண்ணீர் மறுபடியும் குளிர்ந்துவிடும். அதனால் ஜாடியை விட்டு 20 லிட்டர் கண்ணாடித் தொட்டிக்கு மாற்றினேன். தண்ணீர் அதிகமாக இருந்தால் சூடு சட்டென்று இறங்காது. மீன் மார்க்கெட்டில் ஐஸ் போட்டு மீன் கொண்டுவரும் தெர்மகோல் பெட்டி ஒன்றை வாங்கி, கழுவி, வெட்டி, தொட்டியின் மூன்று பக்கத்துக்கும் அடிக்கும் ஒட்டினேன். மேலே ஒரு தெர்மகோல் மூடி, காற்றுக்கு இடைவெளி விட்டு. கரண்ட் இருக்கும்போது 25 வாட் ஹீட்டர் ஓடும், இல்லாதபோது பெட்டி சூட்டைப் பிடித்து வைக்கும். சூட்டை ஒரே மூச்சில் ஏற்றவில்லை. ஒரு நாளைக்கு இரண்டு டிகிரி போல ஏற்றி 26-ல் நிறுத்தினேன். காற்றுப் பம்ப் நின்றால் மற்ற மீன்களுக்கு ஆபத்து. இது மேலே வந்து வாயால் காற்றை விழுங்கும் இனம், அந்தக் கவலை இல்லை. ஆனால் தண்ணீருக்கு மேலே இருக்கும் காற்றும் சில்லென்று இருக்கக் கூடாது. மூடி போட்டது அதற்கும் சேர்த்துத்தான்.

தண்ணீர் விஷயம் சுருக்கமாக: எங்கள் கட்டடத்தில் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர், இரும்புச் சத்து அதிகம். வாளியில் பிடித்து ஒரு நாள் காற்றுக் குமிழி விட்டால் துரு அடியில் தங்கிவிடும். மேல் தண்ணீரை மட்டும் எடுத்து, வாரம் கால் பங்கு மாற்றினேன். காய்ந்த நாட்டு வாதாம் இலை ஒன்று போட்டு வைத்தேன். தெருவோரத்தில் எவ்வளவோ உதிர்ந்து கிடக்கிறது. மருந்து அடிக்காத மரமாகப் பார்த்து எடுத்தால் போதும்.

ஒரு வாரம் போனதும் பாதி முதுமை காணாமல் போய்விட்டது. நீலம் திரும்பி வந்தது. பெல்லெட் போட்டால் மேலே வந்து தின்றது. வால் ஓரத்தின் சுருக்கமும் கொஞ்சம் நிமிர்ந்தது. மச்சான் சொன்ன சீக்கும் அநேகமாக இதுதான். ஆனால் முதுகுக் கூன் போகவில்லை. கொஞ்ச நேரம் நீந்திவிட்டு இலையின் மேல் படுத்துக்கொள்வதும் நிற்கவில்லை. மீதி இருந்தது குளிர் இல்லை என்று தெரிந்த பிறகுதான் அளவெடுக்கும் வேலையைத் தொடங்கினேன்.

மீனைக் கையில் பிடித்து ஸ்கேல் வைப்பது சரிப்படாது. உடம்பின் மேலிருக்கும் வழவழப்புப் படலம் போனால் நோய் நுழைய வழி கிடைக்கும். அதனால் படம் பிடிப்பதற்கென்று ஒரு ஒடுக்கமான பெட்டி செய்தேன். படச் சட்டத்துக்கு வெட்டும் கண்ணாடியில் 15 சென்டிமீட்டர் நீளம், 10 உயரம், 5 அகலம். ஒட்டுவதற்கு மீன்தொட்டிக்கான சிலிக்கான். பூஞ்சைத் தடுப்பு மருந்து கலந்த குளியலறை சிலிக்கானைத் தொடக் கூடாது. புளிப்பு வாடை முழுக்கப் போகும்வரை இரண்டு நாள் காயவிட்டு, தண்ணீர் நிரப்பி ஊற்றி, மறுபடியும் நிரப்பி ஊற்றினேன். உள்ளே நகர்த்தக்கூடிய ஒரு அக்ரிலிக் தடுப்பு, அதில் நிறைய ஓட்டை. தடுப்பை மெல்ல முன்னால் தள்ளினால் மீன் முன்கண்ணாடியை ஒட்டி வந்து நிற்கும். நசுக்கக் கூடாது, திரும்ப இடம் இருக்க வேண்டும்.

அளவுகோலை எங்கே ஒட்டுவது என்பதில்தான் சூட்சுமம். முன்கண்ணாடியில் ஒட்டினால் அளவுகோல் கேமராவுக்குப் பக்கத்தில், மீன் கொஞ்சம் தள்ளி. அப்போது மீன் உண்மையைவிடச் சின்னதாகத் தெரியும். தடுப்பில் ஒட்டினால் அளவுகோல் தூரத்தில், மீன் பக்கத்தில். மீன் பெரிதாகத் தெரியும். அதனால் லேமினேட் செய்த கிராஃப் தாளை இரண்டு இடத்திலும் ஒட்டினேன். உண்மை இரண்டுக்கும் நடுவில் இருக்கும். போனைக் கிட்டே கொண்டுபோகாமல் ஒரு கை நீளத்துக்கு அப்பால் ஸ்டாண்டில் நேராக வைத்து ஸூம் செய்ய வேண்டும். கிட்டே போகப் போக இந்த வித்தியாசம் கூடும். உடம்பு வளைந்திருக்கும் படங்களைத் தள்ளிவிட்டு நேராக இருப்பதை மட்டும் எடுத்துக்கொண்டேன். மூக்கு நுனியிலிருந்து வால் துடுப்பு தொடங்கும் இடம் வரை முன் அளவுகோலில் 4.5 சென்டிமீட்டர், பின் அளவுகோலில் 4.7. ஆக 4.6. வாலை அளவில் சேர்க்கவில்லை. வால் கிழியும், வளரும், ரகத்துக்கு ரகம் மாறும். அதை வைத்துக் கணக்குப் போட்டால் குழப்பம்தான்.

சரி, 4.6 சென்டிமீட்டர் என்றால் என்ன வயது? இதைக் கேட்க இன்ஸேனில் ஃபைட்டர் குஞ்சு பொரிக்க வைக்கும் பெரியவர் ஒருவரிடம் போனேன். வீட்டுக்குப் பின்னால் தகரக் கூரையின் கீழே தட்டையான விஸ்கி பாட்டில்கள் வரிசையாக நிற்கின்றன. ஒரு பாட்டிலுக்கு ஒரு ஆண் மீன், நடுவில் அட்டை மறைப்பு. ஒவ்வொரு வரிசையின் முன்னாலும் பொரித்த தேதி பர்மிய எண்களில் எழுதிய சீட்டு. நான் தேடிப் போனது அந்தச் சீட்டைத்தான்: வயது சந்தேகமில்லாமல் தெரிந்த மீன்கள்.

பெட்டியைக் கையோடு கொண்டுபோயிருந்தேன். ஒரே நாளில் பொரித்த, ஐந்து மாத வயதுள்ள அண்ணன் தம்பிகளை எடுத்துத் தந்தார். பெரியது 4.4 சென்டிமீட்டர். சின்னது 3.1. ஒரே அப்பா அம்மா, ஒரே நாள், ஒரே தீனி. "பெருசு சீக்கிரமே தனி பாட்டிலுக்குப் போச்சு தம்பி. சிறுசு கும்பல்லயே ரொம்ப நாள் கெடந்துது" என்றார். அவ்வளவுதான் காரணம். நெருக்கடி, அழுக்குத் தண்ணீர், குளிர் இவை வளர்ச்சியைப் பிடித்து வைக்கும். நல்ல தீனியும் சூடும் தள்ளிவிடும். நீளத்தைப் பார்த்து வயது சொல்வதை நான் அந்த இடத்திலேயே விட்டுவிட்டேன்.

குஞ்சுப் பருவத்தில் மட்டும் கணக்கு பிசகாது. 27, 28 டிகிரியில் முட்டை ஒன்றிரண்டு நாளில் பொரிக்கும். அடுத்த இரண்டு மூன்று நாள் நுரைக்கூட்டில் வாலைத் தொங்கவிட்டபடி இருந்துவிட்டு நீந்தத் தொடங்கும். காற்றை விழுங்கிச் சுவாசிக்கும் உறுப்பு ஏறக்குறைய நாலாவது வாரத்தில் வேலைக்கு வரும். குஞ்சு மேலே வந்து காற்றைக் கவ்வுவதைப் பார்த்தே பெரியவர் வாரக் கணக்கில் வயது சொல்கிறார். இரண்டாம் மாதத்தில் ஆண் பெண் அடையாளம் தெரியத் தொடங்கும். மூன்றாம் மாதத்துக்குள் ஆண்கள் ஒன்றையொன்று கடிக்கத் தொடங்குவதால் பாட்டிலுக்குப் போகும். மூன்று நாலு மாதத்தில் இனப்பெருக்கத்துக்குத் தயார். இது வரைக்கும் ஒவ்வொரு படியிலும் ஓர் அடையாளம் உண்டு. அதற்குப் பிறகு எட்டு மாத மீனும் பதினாலு மாத மீனும் பக்கத்தில் பக்கத்தில் நின்றால் பெரியவருக்கே சீட்டைப் பார்க்க வேண்டியிருக்கிறது.

நீளம் ஒரே ஒரு விஷயத்துக்கு உதவியது. அதே பெட்டியில், அதே முறையில், மாதாமாதம் என் மீனை அளந்துகொண்டே வந்தேன். இளம் மீன் என்றால் 26 டிகிரியில், நல்ல தீனியில், கொஞ்சமாவது நீண்டிருக்கும். இது ஏப்ரலில் திஞ்சான் என்ற பர்மியப் புத்தாண்டு வந்தபோதும் 4.6-லேயே நின்றது. வளர்ச்சி முடிந்துவிட்ட மீன். ஒரு தடவை அளந்ததில் கிடைக்காத விவரம், திரும்பத் திரும்ப அளந்ததில் கிடைத்தது.

நடுவில் செதில் ஆராய்ச்சி ஒன்றும் செய்து பார்த்தேன். மரத்தை வெட்டினால் வளையம் எண்ணுகிற மாதிரி மீனிலும் எண்ணலாம் என்பது பழைய விஷயம். சுவீடனில் ஹெடர்ஸ்ட்ரோம் என்ற பாதிரியார் 1759-லேயே மீனின் முதுகெலும்பு வளையங்களை எண்ணி வயது சொல்லியிருக்கிறார். 1898-ல் ஹோஃப்பவர் கெண்டை மீனின் செதிலில் இதைக் காட்டினார். மச்சான் ரத்தினக் கல் வியாபாரத்தில் இருப்பதால் பத்து மடங்கு பெருக்கும் லென்ஸ் வீட்டிலேயே இருக்கிறது. ஃபைட்டரின் செதிலைப் பிடுங்க மனசு வரவில்லை. மார்க்கெட்டில் ரோகு மீன் வாங்கி அதன் செதிலை எடுத்தேன். ஐராவதி முகத்துவாரப் பக்கத்துக் குளங்களிலிருந்து யாங்கோனுக்கு வரும் மீனில் ரோகுதான் அதிகம், செதிலும் பெரிய விரல் நகம் அளவு இருக்கும். கழுவிக் காயவைத்து, இரண்டு கண்ணாடித் துண்டுக்கு நடுவில் வைத்து, பின்னாலிருந்து போன் வெளிச்சம் அடித்தால் அழகாகத் தெரிகிறது: நடுவிலிருந்து ஓரம் வரை நெருக்கமான கோடுகள், வட்டம் வட்டமாக.

ஆனால் அந்தக் கோடுகள் ஒவ்வொன்றும் ஒரு வருடம் இல்லை. குளிர்காலத்தில் வளர்ச்சி குறையும்போது கோடுகள் நெருங்கி ஒரு பட்டையாகத் தெரியும். அந்தப் பட்டைதான் ஒரு வருடக் கணக்கு. பனி பெய்யும் நாட்டில் அது பளிச்சென்று தெரியும். வருடம் முழுக்க ஓரளவு சூடாக இருக்கும் நம்மூர்க் குளத்தில் வளர்ந்த ரோகுவில் எது குளிர்காலப் பட்டை, எது தீனி குறைந்த வாரம் என்று பிரித்துப் பார்க்க என்னால் முடியவில்லை. வீட்டுக்குள் ஹீட்டர் போட்டு வளர்க்கும் ஃபைட்டருக்குக் குளிர்காலமே இல்லை. தவிர, விழுந்த செதிலுக்குப் பதிலாக முளைத்த புதுச் செதிலில் நடுப்பகுதி வெறுமையாக இருக்கும். பழைய கணக்கு அதில் இருக்காது. சண்டைக்குப் பேர்போன மீனில் எந்தச் செதில் பழையது என்று யார் கண்டது?

உண்மையான கடிகாரம் தலைக்குள் இருக்கிறது. கத்தாழை மீனை ஆய்கிறவர்களுக்கு அதன் தலையில் இரண்டு வெள்ளைக் கல் இருப்பது தெரியும். அது செவிக்கல். ஃபைட்டருக்கும் உண்டு, மணல் பருக்கை அளவில். அந்தக் கல்லில் ஒரு நாளைக்கு ஒரு வளையம் படிகிறது என்று 1971-ல் பன்னெல்லா என்ற ஆய்வாளர் காட்டினார். குஞ்சு மீனின் வயதை நாள் கணக்கில் சொல்லும் முறை அதிலிருந்து வந்ததுதான். எடுக்க வேண்டுமென்றால் மீன் செத்திருக்க வேண்டும்; தேய்த்து மெல்லிசாக்கி மைக்ராஸ்கோப்பில் பார்க்க வேண்டும். வயதைத் தெரிந்துகொண்டு நன்றாகப் பார்த்துக்கொள்ளலாம் என்று நினைக்கிறவனுக்கு உதவாத முறை.

மீதி இருப்பது கண்ணால் பார்ப்பது. இதில் ஒவ்வொரு அடையாளத்துக்கும் ஒரு போலி உண்டு, அதனால் ஒன்றை மட்டும் வைத்து முடிவு கட்டக் கூடாது. நிறம் மங்குவது முதுமையிலும் வரும். குளிரிலும் பயத்திலும் வரும். மார்பிள் ரக ஃபைட்டர் வயதே ஆகாமல், சில வாரங்களிலேயே நிறம் மாறும், அது பரம்பரை. முதுகுக் கூன் முதுமையில் வரும், பிறவியிலும் வரும், மைக்கோபாக்டீரியம் என்ற கிருமியால் வரும் மீன் காசநோயிலும் வரும். காசநோய் என்றால் கூனோடு உடம்பும் வற்றிக்கொண்டே போகும், செதில் உதிரும், புண் வரும். அந்தக் கிருமி நம் கையில் இருக்கும் வெட்டுக்காயத்தில் நுழையக்கூடியது. அதனால் எது என்று தெரியும் வரைக்கும் நான் கையுறை போட்டுத்தான் தொட்டியில் கை விட்டேன். என் மீனின் கூன் மாதாமாதப் படங்களில் துளியும் கூடவில்லை. புண் எதுவும் வரவில்லை, தீனியும் குறையவில்லை. காசநோயைத் தள்ளினேன்.

கண்ணுக்குச் சாயங்காலம் விளக்கை அணைத்துவிட்டு, சின்ன டார்ச்சைப் பக்கவாட்டில் பிடித்து லென்ஸ் வழியாகப் பார்த்தேன். இடது கண் தெளிவு. வலது கண்ணில் கருமணிக்குள் பால் கலந்த மாதிரி லேசான வெண்மை. கண்ணின் மேல்தோலில் படலம் இருந்தால் அது தண்ணீர்க் கோளாறு, அநேகமாகச் சரியாகிவிடும். உள்ளே, மணிக்குள் இருந்தால் கண்புரை. டார்ச்சை அசைத்தபோது மேலே பளபளக்கும் ஒளிப்புள்ளி நகர்ந்தது, வெண்மை அதற்குப் பின்னால் அசையாமல் நின்றது. ஆக உள்ளே இருப்பது. டிராகன் ரகம் என்றால் தடித்த வெள்ளிச் செதில் கண்ணின் மேலேயே படர்ந்து மூடும். அது இளவயதிலேயே வரலாம், அதை முதுமையில் சேர்க்கக் கூடாது. என்னுடையது சாதாரண ரகம்.

துடுப்பில் பெரியவர் சொல்லித் தந்த அடையாளம் நன்றாக உதவியது. வாலைப் பார்க்காதே, முதுகுத் துடுப்பின் நரம்புகளைப் பார் என்றார். இளம் மீனில் நரம்பு மெல்லிசாக, நேராக, நடுவிலிருக்கும் சவ்வு கண்ணாடி மாதிரி இருக்கும். வயதான மீனில் நரம்பு தடித்து, நுனி பிளந்து, சவ்வில் பழைய கிழிசல் ஒட்டிய வெளிர்க் கோடுகள் தெரியும். இதைப் படம் பிடித்துப் பெரிதாக்கிப் பார்த்தேன். என் மீனின் முதுகுத் துடுப்பில் அப்படிக் கோடுகள் நிறைய. தலைக்குப் பின்னால் முதுகுச் சதையும் கொஞ்சம் வற்றியிருந்தது. மேலிருந்து பார்த்தால் தலை அகலமாகவும் உடம்பு ஒடுங்கியும் தெரிந்தது.

கண்ணாடி காட்டுவது கடைசிச் சோதனை. முகம் பார்க்கும் கண்ணாடியைத் தொட்டி ஓரம் வைத்தால் ஆண் ஃபைட்டர் செவுளை விரித்துக்கொண்டு பாயும். இதுவும் பாய்ந்தது, துடுப்பெல்லாம் முழுக்க விரிந்தது, ஆனால் கொஞ்ச நேரத்தில் சுருக்கிக்கொண்டு திரும்பிப் போய்விட்டது. பெரியவர் வீட்டு ஐந்து மாத வாலிபர்கள் அட்டையை எடுத்தால் நாம் மறுபடியும் மறைக்கும் வரை விடுவதில்லை. நுரைக்கூடு மட்டும் கட்டியது, வாதாம் இலைக்கு அடியில், சின்னதாக, ஓரங்கள் ஒழுங்கில்லாமல். கூடு கட்டுவதை வைத்து இளமை என்று சொல்பவர்கள் உண்டு. எனக்கு அதில் நம்பிக்கையில்லை. தண்ணீர் சூடாகி, மேற்பரப்பு அசையாமல் இருந்தால் வயதான ஆணும் கட்டும்.

இவ்வளவும் சேர்ந்து சொன்னது: வளர்ச்சி முடிந்து, வாலிபமும் தாண்டிய மீன். மாதக் கணக்கு வேண்டுமென்றால் மீனை விட்டுவிட்டு மனிதர்களைக் கேட்க வேண்டியிருந்தது. மே சோட்டுக்கு வைபரில் கூப்பிட்டேன். எப்போது வாங்கினீர்கள் என்று கேட்டால் யாருக்கும் நினைவில்லை. "ரொம்ப நாளாச்சு அண்ணே" என்றார் மேல்வீட்டுக்காரர். கேள்வியை மாற்றினேன்: வாங்கியபோது வெயிலா மழையா, பிள்ளைக்கு எந்த வகுப்பு? பின்னாலிருந்து அவர் மனைவியின் குரல் வந்தது: பையன் மூன்றாம் வகுப்புக்குப் போன முதல் வாரம், அழுதான் என்று வாங்கிக் கொடுத்தது. இங்கே பள்ளிக்கூடம் திறப்பது ஜூன். எங்களிடம் மீன் வந்தது அதற்கு அடுத்த வருட டிசம்பரில். ஆக அவர்களிடம் இருந்தது 18 மாதம்.

ஆனால் இடையில் ஒரு மீன் செத்து, பையனுக்குத் தெரியாமல் அதே நிறத்தில் இன்னொன்றை வாங்கி வைத்திருந்தால்? பெற்றோர்கள் இதைச் செய்வது உலகம் அறிந்தது. இல்லை என்று அவர்கள் சொன்னார்கள். இருந்தாலும் பழைய படம் கேட்டேன். தடிஞ்சுட் திருநாளுக்கு விளக்கு ஏற்றி எடுத்த படம் ஒன்று அனுப்பினார்கள். பையன் மூன்றாம் வகுப்பில் இருந்த வருட அக்டோபர். வைபரில் வரும் படத்தில் எடுத்த தேதி அழிந்துபோயிருக்கும். அதனால் போனில் இருக்கும் அசலைத் திறந்து தேதியைப் பார்த்துச் சொல்லச் சொன்னேன், பொருந்தியது. படத்தின் ஓரத்தில் மெழுகுவத்தி வரிசைக்குப் பின்னால் அதே ஜாடி. பெரிதாக்கினால் மீன் தெரிகிறது: முழு வாலுடன் வளர்ந்த ஆண். இடது வயிற்றுத் துடுப்பின் நுனி வெள்ளை, வலது முழுக்கச் சிவப்பு. என் தொட்டியில் இருப்பதற்கும் அதே ஒற்றை வெள்ளை நுனி. வேறு மீன் என்பதற்கு வழியில்லை.

இப்போது கணக்கு எளிது. கடைக்கு விற்பனைக்கு வரும் ஆண் ஃபைட்டர் பெரும்பாலும் நாலு மாதத்துக்குக் குறையாது. வாலும் நிறமும் வந்தால்தான் விலை போகும். கடையில் நாள்பட்டுக் கிடந்திருந்தாலும் ஒரு வருடத்தைத் தாண்டியிருக்க வாய்ப்பு குறைவு. பதினெட்டோடு நாலைக் கூட்டினால் 22, பன்னிரண்டைக் கூட்டினால் 30. என்னிடம் வந்தபோது அதன் வயது 22 மாதத்துக்கும் 30 மாதத்துக்கும் நடுவில். ஃபைட்டர் பொதுவாக இரண்டு முதல் நாலு வருடம் இருக்கும், நல்ல கவனிப்பில் ஐந்தும் தொடும். மனைவி முதல் பார்வையில் சொன்னதுதான் சரி. வீட்டில் இதை நான் இன்னும் சத்தமாக ஒப்புக்கொள்ளவில்லை.

வயது தெரிந்த பிறகு தொட்டியில் சில மாற்றங்கள். தண்ணீரை ஒரு சாண் உயரம் மட்டும் நிற்கும்படி குறைத்தேன். காற்று விழுங்க மேலே வர அதிக தூரம் ஏறக் கூடாது. மேற்பரப்புக்கு மூன்று விரல் கீழே அகன்ற இலைச் செடியை, கண்ணாடியில் ஒட்டிக்கொள்ளும் ரப்பர் குமிழில் கட்டினேன், மீன் படுத்துக்கொள்ள. ஸ்பாஞ்ச் ஃபில்டரின் காற்றை நன்றாகக் குறைத்தேன். பெல்லெட்டை தொட்டித் தண்ணீரில் ஊறவைத்து உடைத்துப் போடுகிறேன், இடது பக்கமாக. வலது கண் பக்கம் போட்டால் தேடிக்கொண்டு நிற்கிறது. வாரம் ஒரு நாள் உயிருள்ள கொசுப்புழு, அதையும் கொஞ்சமாக. சூட்டை 26-க்கு மேல் ஏற்றுவதில்லை. 28, 29-ல் இன்னும் சுறுசுறுப்பாகத்தான் இருக்கும், ஆனால் உடம்பு வேகமாக ஓடித் தேயும். ஏப்ரல் வெயிலில் அறையே 35-ஐத் தாண்டியபோது தெர்மகோலைக் கழற்றி, தொட்டியைத் தரையில் இறக்கி, மூடிக்குப் பதில் வலை போட்டேன். கண்ணாடி காட்டுவது நிறுத்தம். பெண் மீன் வாங்கி ஜோடி சேர்க்கலாம் என்ற மச்சானின் யோசனையும் நிராகரிப்பு.

மே மாத அளவு: 4.6. முதுகுச் சதை போன மாதம் போலவே. வலது கண் வெண்மை கொஞ்சம் கூடியிருக்கிறது. அடுத்த அளவு மழை பிடித்த பிறகு. யாங்கோனில் யாருக்காவது இப்படிக் கைமாறி வந்த ஃபைட்டர் இருந்தால் படப்பெட்டியை இரவலாகத் தரலாம், கண்ணாடி வெட்டும் அளவும் எழுதித் தருகிறேன். லென்ஸை மட்டும் கேட்க வேண்டாம். மச்சான் கல் பார்க்க அது தினமும் வேண்டும்.